அங்ககப் பருத்தியும் அவுரி நீலமும்: ஒரு கைத்தறித் துணியின் பொருளாதாரம்

நகரங்களில் உள்ள கைவினைப் பொருள் அங்காடிகளில் அடர் நீல நிறத்தில் ஒரு வகைத் துணி அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஆலைத் துணியைவிட அதன் விலை பல மடங்கு அதிகம். அதில் கட்டப்பட்டுள்ள அட்டை மூன்று செய்திகளைக் கூறுகிறது. இத்துணியின் பருத்தி, இரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் இன்றி அங்கக முறையில் விளைந்தது. துணி கைத்தறியில் நெய்யப்பட்டது. நீலம் அவுரிச் செடியின் இலையிலிருந்து எடுக்கப்பட்டது.

இம்மூன்றும் ஒரே துணியைப் பற்றியவை. ஆயினும், அரசாங்க நடைமுறையில் இவை மூன்று தனி உலகங்கள். முதலாவதற்குச் சான்று வழங்கும் முறை வேளாண்மையையும் ஏற்றுமதியையும் சார்ந்தது. இரண்டாவதற்கு ஜவுளித் துறையின் சட்டமும் முத்திரையும் உண்டு. மூன்றாவதற்கு, அதாவது நீலம் செடியிலிருந்து வந்ததா, தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்பதற்கு, அவற்றைப் போன்ற கட்டாய ஏற்பாடு எதுவும் இல்லை. வாங்குபவர் மூன்றையும் நம்பியே கூடுதல் விலை தருகிறார். அக்கூடுதல் விலை உழவருக்கும் சாயமிடுபவருக்கும் நெசவாளருக்கும் எந்த அளவில் போய்ச் சேருகிறது என்பதே பொருளாதார மாணவரும் கள அலுவலரும் கேட்க வேண்டிய கேள்வி.

மழையை நம்பிய பருத்தி

உலகில் பயிரிடப்படும் பருத்தி இனங்கள் நான்கு. அந்நான்கும் விளையும் நாடு இந்தியா. இவற்றுள் இரண்டு பழைய உலகின் நாட்டுப் பருத்திகள்; மற்ற இரண்டு அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. நாடு விடுதலை பெற்ற காலத்தில் நமது பருத்திப் பரப்பின் மிகப் பெரும்பகுதி நாட்டு இனங்களின் கீழ் இருந்தது. நீண்ட இழையை வேண்டிய ஆலைகளின் தேவைக்கேற்ப அமெரிக்க இனம் பரவியது. 2002-ஆம் ஆண்டில் மரபணு மாற்றப்பட்ட பி.டி. பருத்திக்கு ஒப்புதல் கிடைத்தபின், பத்தாண்டுகளுக்குள் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்கு அதன் வசமாயிற்று.

நாட்டுப் பருத்தி முற்றிலும் மறைந்துவிடவில்லை. குஜராத் மாநிலத்தின் கட்ச் மாவட்டத்தில் வாகட் முதலிய பகுதிகளில் 'காலா' எனப்படும் பருத்தி இன்றும் விளைகிறது. இதன் இழை குட்டையானது, சற்று முரடானது. காய் முற்றினாலும் முழுமையாக வெடித்து மலராது. ஆகவே பஞ்சை மட்டும் பறிக்க இயலாமல், காயையே பறித்துவந்து பிறகு உடைத்துப் பருத்தியை எடுக்கவேண்டும். இது கூடுதல் வேலைதான். ஆயினும் வறண்ட காற்று ஓயாது வீசும் நிலத்தில் பஞ்சு பறந்து வீணாகாமலும் தூசி படியாமலும் இருப்பதற்கு இந்த மூடிய காயே காப்பாகிறது. பாசனம் இல்லாத நிலத்தில், மழை தவறிய ஆண்டிலும் ஓரளவு மகசூல் தரக்கூடியது இப்பயிர்.

காலா பருத்தி பயிரிடும் உழவர் உரக்கடைக்கும் மருந்துக் கடைக்கும் பெரும்பாலும் செல்வதில்லை. இது கொள்கைப் பிடிப்பால் வந்த வழக்கம் அன்று. இத்தகைய நிலத்தில், இத்தகைய மழையில், உரத்துக்குச் செலவிடும் பணம் விளைச்சலாகத் திரும்பி வராது என்பதை அவர் அனுபவத்தில் அறிந்திருக்கிறார். 'அங்ககம்' என்ற சொல் சந்தைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே அவரது சாகுபடி அங்ககமாக இருந்தது. ஆனால் அச்சொல்லுக்கு விலை கிடைக்கத் தொடங்கியதும், அச்சொல்லை எழுத உரிமை தரும் சான்று அவரிடம் இல்லை என்பது தெரியவந்தது.

மற்றொரு செய்தியும் இங்கு கவனிக்கத்தக்கது. அமெரிக்க இனத்தில் அங்கக முறையைக் கடைப்பிடிக்கும் உழவருக்கு, பி.டி. அல்லாத விதை கிடைப்பதே பெரும்பாடு. அண்டை வயலின் மகரந்தத்தாலும், அரைவை ஆலையில் விதை கலப்பதாலும் அவர் சான்றை இழக்க நேரிடலாம். நாட்டுப் பருத்திக்கு இந்த இடர் மிகக் குறைவு. அமெரிக்க இனத்தின் உயிரணுவில் 52 குரோமோசோம்கள். நாட்டு இனத்தில் 26. எண்ணிக்கையில் உள்ள இவ்வேறுபாட்டால் இரண்டும் எளிதில் கலப்புறுவதில்லை. விதைத் தூய்மையைக் காக்க இயற்கையே வேலி அமைத்துக் கொடுத்த நிலை இது. அங்ககப் பருத்தித் திட்டங்களை வகுப்போர் இதற்கு உரிய இடம் அளித்ததாகத் தெரியவில்லை.

2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்ச் மாவட்டத்தில் கைவினைத் தொழில்களை மீட்க எடுக்கப்பட்ட முயற்சிகளின் தொடர்ச்சியாக 2005-இல் 'கமீர்' என்ற அமைப்பு உருவாயிற்று. உள்ளூர்ப் பருத்தியை உள்ளூர் நெசவாளரிடம் சேர்ப்பது அதன் முக்கியப் பணிகளுள் ஒன்று. பூஜோடி முதலிய ஊர்களின் வணகர் சமூகத்தார் முன்னாளில் கால்நடை மேய்ப்போருக்குக் கம்பளிச் சால்வை நெய்து வந்தவர்கள். அவர்களது தறியில் காலா பருத்தி நூல் ஏறியது. வயலும் தறியும் ஒரே மாவட்டத்தில் இருந்தும், இடையில் உள்ள ஒரு படி அவ்வளவு எளிதில் கைகூடவில்லை. அதுவே நூற்பு.

நூற்பு என்னும் இடுக்கு

இன்றைய நூற்பாலைகள் நீண்ட இழைக்காகவும் பெருமளவு உற்பத்திக்காகவும் அமைந்தவை. குட்டை இழைப் பஞ்சு அவற்றில் ஓடும்போது நூல் அடிக்கடி அறும், கழிவும் அதிகம். அதைவிடப் பெரிய தடை, அளவு. ஆலை ஒன்று தனது இயந்திரத் தொடரைத் துடைத்து, வேறு பஞ்சு கலவாமல் தனியாக ஓட்டுவதற்கு ஒரு குறைந்தபட்ச எடை தேவை. சில கிராமங்களின் விளைச்சல் அந்த எடையை எட்டாது. எட்டினாலும், அவ்வளவு பஞ்சையும் ஒரே தவணையில் விலை கொடுத்து வாங்கி ஆலைக்கு அனுப்ப ஒருவர் வேண்டும்.

இதன் பொருளாதார விளைவை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஓரளவு கனமான கைத்தறித் துணி ஒரு மீட்டருக்கு 200 கிராம் நூல் செல்வதாகக் கொள்வோம். நூற்புக் கழிவைச் சேர்த்தால் 235 கிராம் பஞ்சு வேண்டும். விதையுடன் கூடிய பருத்தியில் பஞ்சு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆகவே உழவர் தரவேண்டியது சுமார் 700 கிராம். 2025-26-ஆம் பருவத்தில் நடுத்தர இழைப் பருத்திக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ. 7,710. அதையே அளவுகோலாகக் கொண்டால் 700 கிராமின் விலை ஏறத்தாழ ரூ. 54. அங்கக விளைச்சலுக்காக உழவருக்கு 20 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தாலும் ஒரு மீட்டர்த் துணியில் ஏறும் செலவு 11 ரூபாய்க்கும் குறைவே.

பல நூறு ரூபாய்க்கு விற்கும் துணியில் இந்தப் 11 ரூபாய் பெரிய தொகை அன்று. அங்ககப் பருத்தியின் விலை அதிகம், ஆகவே துணியின் விலையும் அதிகம் என்று விற்பனை நிலையங்களில் கூறப்படும் விளக்கம் இக்கணக்கின் முன் நிற்காது. செலவு ஏறுவது வேறு இடங்களில். சிறு அளவுப் பஞ்சைத் தனியாக அரைக்கவும் நூற்கவும் ஆகும் கூலி, தனியாக ஏற்றி இறக்கும் செலவு, சான்றுக் கட்டணம், துணி விற்கும் வரை முடங்கிக் கிடக்கும் பணத்தின் வட்டி, இறுதியில் அங்காடியின் இலாபம் ஆகியவையே அவை. உழவரின் பங்கை உயர்த்துவதற்கு இத்துணியில் இடம் இருக்கிறது. அதைக் கொடுக்க மறுப்பதற்குச் செலவுக் கணக்கு காரணமாகாது.

கையால் நூற்றால் என்ன என்ற கேள்வி எழலாம். அவ்வாறு செய்தால் துணி 'கதர்' ஆகிவிடும். மாணவர்கள் இவ்வேறுபாட்டை நினைவில் கொள்ளவேண்டும். கையால் நூற்றுக் கையால் நெய்தது கதர். அது 1956-ஆம் ஆண்டின் கதர், கிராமத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் வரம்புக்குள் வருவது. கைத்தறித் துணியின் நூல் ஆலையில் நூற்றதாகவே இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது.

நீலமும் நிலமும்

அவுரி நீலத்தின் வரலாறு இந்திய வேளாண் வரலாற்றின் துயரமான அத்தியாயங்களுள் ஒன்று. 'இந்திய நாட்டுப் பொருள்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்தே 'இண்டிகோ' என்ற பெயர் பிறந்தது. பதினேழாம் நூற்றாண்டில் ஆக்ராவை அடுத்த பயானாவும் அகமதாபாத்தை அடுத்த சர்கேஜும் ஐரோப்பிய வணிகர் தேடிவந்த நீலச் சந்தைகள். சோழமண்டலக் கரையில் நெய்து, புதுச்சேரியில் அவுரி நீலம் தோய்க்கப்பட்ட 'கினே' என்னும் துணி பிரெஞ்சு வணிகர் வழியாக ஆப்பிரிக்காவின் செனகல் வரை சென்று, அங்குக் கிடைத்த பிசினுக்கு மாற்றாக நாணயம்போல் வழங்கியது.

ஆங்கிலத் தோட்டக்காரர்கள் வங்காளத்திலும் பீகாரிலும் காலூன்றிய பிறகு நிலை மாறியது. முன்பணம் என்ற பெயரில் கடன் கொடுத்து, நெல் விளையும் நல்ல நிலத்தில் அவுரி பயிரிடும்படி உழவர் கட்டாயப்படுத்தப்பட்டனர். 1859-60-இல் வங்காள உழவர்கள் விதைக்க மறுத்துக் கிளர்ந்தெழுந்தனர். 1860-இல் அரசு விசாரணைக் குழு அமைத்தது. அதே ஆண்டில் தீனபந்து மித்ரா எழுதிய 'நீல் தர்ப்பண்' நாடகம் வெளிவந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக ஜேம்ஸ் லாங் என்ற பாதிரியார் 1861-இல் சிறைத் தண்டனை பெற்றார்.

1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தை வணிக முறையில் விற்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் இயற்கை நீலத்தின் விலை சரிந்தது. இங்குதான் பொருளாதார மாணவருக்குரிய பாடம் இருக்கிறது. சம்பாரணில் 'தீன்கதியா' என்ற முறைப்படி ஒவ்வொரு பிகா நிலத்திலும், அதாவது இருபது கதாவில் மூன்று கதாவில், குடியானவர் அவுரி விதைக்கக் கடமைப்பட்டிருந்தார். நீலத்தின் விலை வீழ்ந்ததும் தோட்டக்காரர்கள் அக்கடமையிலிருந்து குடியானவரை விடுவித்தனர். ஆனால் சும்மா விடுவிக்கவில்லை. விடுதலைக்கு விலையாகச் சிலரிடம் குத்தகையை உயர்த்தினர். சிலரிடம் மொத்தமாக ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டனர். தொழில்நுட்ப மாற்றத்தால் முதலாளிக்கு நேரவேண்டிய நட்டம் இவ்வாறு குடியானவர் தலையில் இறக்கி வைக்கப்பட்டது. 1917-இல் காந்தியடிகள் சம்பாரணில் திரட்டிய வாக்குமூலங்களின் சாரம் இதுவே. மறு ஆண்டில் இயற்றப்பட்ட சம்பாரண் வேளாண் சட்டம் தீன்கதியாவை ஒழித்தது.

சென்னை மாகாணத்தில் நிலைமை வேறாக இருந்தது. கடப்பை, தென்னார்க்காடு போன்ற மாவட்டங்களில் அவுரியை உழவர்களே பெரும்பாலும் தம் விருப்பத்தின் பேரில் பயிரிட்டனர். நீலமும் உள்ளூர்த் தொட்டிகளில் எடுக்கப்பட்டது. அவுரி பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்த செடி. வேர் முடிச்சுகள் மண்ணில் தழைச்சத்தை நிலைநிறுத்தும். சாறு இறங்கிய தழையும் வயலுக்கே எருவாகத் திரும்பும். மண்ணுக்குப் பயன்படும் பயிர் என்பதால், சந்தை ஒடுங்கியபிறகும் அது உழவர் நினைவை விட்டு அகலவில்லை. இன்று நாட்டில் விளையும் இயற்கை நீலத்தில் முக்கியப் பங்கு திண்டிவனம் வட்டாரத்திலிருந்தும் ஆந்திரத்தின் கடப்பா மாவட்டத்திலிருந்தும் வருவதற்கு இத்தொடர்ச்சியும் ஒரு காரணமாகலாம்.

புள்ளிவிவரம் தொகுக்கும் அலுவலர்களுக்கு இங்கு ஓர் எச்சரிக்கை. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளில் 'அவுரி' என்று உழவர் கூறுவது பெரும்பாலும் நிலாவாரையையே. அது மருந்துக்காக ஏற்றுமதியாகும் இலை. இரண்டையும் ஒரே பெயரின்கீழ்க் கூட்டினால் நீலச் செடியின் பரப்பு தாளில் பெருகிவிடும். தொட்டியில் நீலம் பெருகாது.

இலையிலிருந்து நீலம்

அவுரி இலையில் நீலம் நீலமாக இல்லை. 'இண்டிகன்' என்னும் நிறமற்ற பொருளாகவே இருக்கிறது. பூக்கும் பருவத்தை ஒட்டி அறுத்த பசுந்தழையைத் தொட்டி நீரில் அமிழ்த்தி, மேலே பாரம் ஏற்றி ஓரிரவு ஊறவிடுவர். நொதித்தலின்போது இண்டிகன் சிதைந்து 'இண்டாக்சில்' நீரில் இறங்கும். மஞ்சள் கலந்த பச்சை நிறமான அந்நீரைக் கீழ்த்தொட்டிக்கு வடித்து, ஆட்கள் இறங்கிக் காலாலும் மட்டைகளாலும் மணிக்கணக்கில் அடித்துக் கலக்குவர். இப்போது சில இடங்களில் இயந்திரமும் உண்டு. காற்று கலக்கக் கலக்க நீர் நீலமாக மாறி, கரையாத வண்டல் அடியில் படியும். அதைக் காய்ச்சி, வடிகட்டி, அழுத்தி, வில்லைகளாக அறுத்து நிழலில் உலர்த்துவர். ஒரு கிலோ நீலத்துக்கு ஏறத்தாழ இருநூறு கிலோ தழையும் சில வேளைகளில் அதற்கு மேலும் தேவைப்படுகிறது. தழையை வெட்டிய அன்றே தொட்டியில் இடவேண்டும். தொலைவுக்குக் கொண்டுசெல்ல இயலாது. ஆகவே தொட்டி இருக்கும் இடத்தைச் சுற்றியே பயிர் இருக்கும். கொள்முதல் செய்வோர் சிலரே ஆகும்போது உழவரின் பேரம் பேசும் வலிமை குறைவதற்கு இந்தப் புவியியலே வழிவகுக்கிறது.

நீல வில்லை நீரில் கரையாது, துணியிலும் ஏறாது. மீண்டும் அதைக் கரையும் நிலைக்குக் கொண்டுவருவதே சாயத் தாழியின் வேலை. தென்னிந்திய மரபில் தாழியில் சுண்ணாம்புத் தெளிவும் தகரை விதைக் கஞ்சியும் சேர்ப்பதுண்டு. வேறு சில இடங்களில் வெல்லமோ பேரீச்சையோ சேர்ப்பர். நொதிக்கும் தாழி உயிருள்ள பொருளை ஒத்தது. குளிர் மிகுந்தால் சோர்ந்துவிடும். சுண்ணாம்பு கூடினாலும் குறைந்தாலும் கெட்டுவிடும். சாயக்காரர் நாள்தோறும் மணத்தையும், மேலே திரளும் நீல நுரையையும், அடிநீரின் நிறத்தையும் பார்த்தே அதன் நிலையை அறிகிறார். சோடியம் ஹைட்ரோசல்பைட்டைக் கொட்டினால் அரைமணி நேரத்தில் தாழி தயாராகும். செடியிலிருந்து வந்த நீலத்தையே வாங்கிவந்து ஹைட்ரோசல்பைட் தாழியில் தோய்ப்போரும் உண்டு. அத்துணியை 'இயற்கைச் சாயம்' என்று விற்கலாமா என்ற கேள்விக்கு இதுவரை தீர்ப்பு வழங்கியவர் இல்லை.

நூற்கழி தாழியிலிருந்து வெளிவரும்போது மஞ்சட்பச்சையாக இருக்கும்; காற்றுப் பட்டவுடன் கண்ணெதிரே நீலமாகும். ஒரு முறை தோய்த்தால் வெளிர் நீலம். அடர் நீலத்துக்குத் தோய்த்து, உலர்த்தி, மீண்டும் தோய்த்து எனப் பல சுற்றுகள் வேண்டும். இந்த நீலம் வெயிலுக்கும் நீருக்கும் நன்றாகவே தாக்குப்பிடிக்கும். ஆனால் சாயம் இழையின் மேற்புறத்திலேயே பெரிதும் தங்குவதால் உராய்ந்தால் சற்று ஒட்டும். தொட்டிக்குத் தொட்டி நிறமும் சிறிது மாறும். அரசு நிறுவனங்களின் கொள்முதல் ஒப்பந்தங்கள் ஒரே சீரான நிறத்தை வற்புறுத்துகின்றன. அந்நிபந்தனையை அப்படியே இத்துணிக்கும் பொருத்தும் பரிசோதகர், தம்மை அறியாமலேயே செயற்கைச் சாயத்துக்குச் சலுகை அளித்தவராகிறார். நிற வேறுபாட்டுக்கு ஒரு வரம்பு வகுத்து அதற்குள் ஏற்றுக்கொள்வதே பொருத்தமான முறை.

தறியில் இருப்பவர்

நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி (2019-20) நாட்டில் கைத்தறித் தொழிலில் ஈடுபட்டோர் 35.22 லட்சம் பேர். 1995-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் இத்தொகை 65 லட்சத்துக்கு மேல் இருந்தது. கால் நூற்றாண்டில் ஏறத்தாழ பாதிப் பேர் தறியை விட்டு விலகிவிட்டனர். இருப்போரில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். மூன்றில் இரண்டு பங்கு நெசவாளர் குடும்பங்களின் மாத வருமானம் ஐந்தாயிரம் ரூபாய்க்கும் குறைவு என்பது அக்கணக்கெடுப்பு தெரிவித்த செய்தி.

குட்டை இழை நூலை நெய்வது ஆலையின் நீண்ட இழை நூலை நெய்வதைவிடக் கடினம். பாவு அடிக்கடி அறும். கஞ்சி தடித்துப் போடவேண்டும். அறுந்த இழையைப் பிணைப்பதிலேயே பொழுது கழியும். நீலம் பலமுறை ஏறிய நூல் கைகளிலும் அச்சிலும் ஒட்டும். ஒரு நாளில் நெய்யக்கூடிய நீளம் இதனால் குறைகிறது. கூலி மீட்டர் கணக்கில் இருக்குமானால், நெசவாளர் இத்துணியை நெய்து முன்பைவிடக் குறைவாகவே ஈட்டுவார். அங்காடியில் விலை உயர்ந்தும் தறியில் வருமானம் குறையும் இந்த முரண்பாடு பல முயற்சிகள் நின்றுபோனதற்குக் காரணம். பாவு ஓட்டுதல், தார் சுற்றுதல் போன்ற முன்வேலைகளைச் செய்யும் வீட்டுப் பெண்களின் உழைப்பு மீட்டர்க் கூலிக்குள்ளேயே அடங்கியதாகக் கருதப்படுவதும் வழக்கம். நாட்கூலி அடிப்படையில் கணக்கிட்டு, முன்வேலைக்குத் தனியாகக் கொடுத்த இடங்களிலேயே இத்தகைய நெசவு நிலைத்திருக்கிறது.

அரசின் பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் தொடக்கத்தில் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கு ஒதுக்கியது. பின்னர் அவை 11 ஆகக் குறைந்தன. நூற்பாலைகள் தமது உற்பத்தியில் ஒரு பங்கைச் சிட்டா நூலாகத் தரவேண்டும் என்ற விதியும் உண்டு. அப்பங்கு 50 சதவீதமாக இருந்து, 2003-இல் 40 ஆகவும் 2019-இல் 30 ஆகவும் தளர்த்தப்பட்டது. தாழியில் தோய்க்கச் சிட்டா நூலே தேவை. கூம்பில் சுற்றிய நூலை மீண்டும் கழியாக்குவது வீண் செலவு. 2021-22 முதல் 2025-26 வரையிலான மூலப்பொருள் வழங்கல் திட்டத்தில் பருத்திச் சிட்டா நூலுக்கு 15 சதவீத விலை மானியம் அளிக்கப்பட்டது. இவையெல்லாம் பொதுவான நூலை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டவை. சிறு தொகுதிகளாகத் தனியே நூற்கும் நூலுக்கு உள்ள கூடுதல் செலவை இவற்றுள் எதுவும் தொடுவதில்லை.

எதைக் கொண்டு நம்புவது

1990-களின் நடுவில் ஜெர்மனி சில அசோ சாயங்களைத் தடைசெய்தது. இந்தியாவும் 1997-இல் அத்தகைய தடை விதித்தது. இயற்கைச் சாயங்களின்மீது மீண்டும் கவனம் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். செயற்கை நீலம் அசோ வகையைச் சேர்ந்தது அன்று என்பதால் தடை அதைத் தொடவில்லை. செடி தரும் நீலமும் தொழிற்சாலை தரும் நீலமும் வேதியியல் நோக்கில் ஒரே மூலக்கூறு. சாதாரணச் சாயச் சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டாது. செடி நீலத்தில் உள்ள உடன்பொருள்களைத் தேடியோ, பெட்ரோலியத்திலிருந்து வந்த கரியா, இலையிலிருந்து வந்த கரியா என்பதைக் கதிரியக்கக் கரி அளவீட்டால் கண்டோதான் வேறுபாட்டை நிறுவமுடியும். ஒரு சால்வைக்காக அச்சோதனையைச் செய்வோர் இல்லை. ஆகவே நீலத்தின் நம்பகம் சோதனைச் சாலையில் இல்லை. எந்தத் தொட்டியில் எந்நாளில் எடுத்தது, யாரிடம் எவ்வளவு விற்றது என்ற பதிவேட்டில்தான் இருக்கிறது.

பருத்தியில் பதிவேடுகள் உண்டு. தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின்கீழ்ச் சிறு உழவர்கள் 25 முதல் 500 பேர் வரை குழுவாகச் சேர்ந்து சான்று பெறலாம் என்பது நெடுங்காலமாக இருந்துவந்த ஏற்பாடு. ஓராண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் இரண்டாண்டு மாற்றக் காலம் வேண்டும். உலகின் அங்ககப் பருத்தியில் ஏறத்தாழ பாதி 2019-20-இல் இந்தியாவில் விளைந்ததாகக் கணக்கிடப்பட்டது. ஆனால் 2020 அக்டோபரில், உலகளாவிய அங்கக ஜவுளித் தர அமைப்பு, இந்தியாவிலிருந்து வந்த சுமார் 20,000 டன் பருத்தி போலிச் சான்றுகளின் பேரில் அங்ககம் என்று காட்டப்பட்டிருந்ததைக் கண்டறிந்து அறிவித்தது. தாள்கள் சரியாக இருந்தன. தாளில் இருந்த பருத்திதான் வயலில் இல்லை.

அதன்பின் ஆய்வுகளும் நிபந்தனைகளும் கடுமையாயின. அவை தேவையானவையே. எனினும், சம்பாரணை நினைவில் கொண்டு நோக்கினால் ஒன்று புலப்படும். போலிச் சான்று தயாரித்தவர் வணிகச் சங்கிலியின் நடுவில் இருந்தார். கூடுதல் ஆய்வின் செலவும், வாங்குவோர் விலகியதால் வந்த விலைச் சரிவும் சங்கிலியின் இருமுனைகளில் இருந்தவர்களுக்கே முதலில் வந்து சேர்ந்தன. உள்நாட்டுச் சந்தைக்கு மட்டும் உற்பத்தி செய்வோருக்கு, உழவர்கள் ஒருவர் வயலை ஒருவர் பார்வையிட்டு உறுதியளிக்கும் பங்கேற்பு உத்தரவாத முறை செலவு குறைந்த வழி. ஐந்து பேர் சேர்ந்தாலே குழு அமைக்கலாம். கட்ச் போன்ற இடங்களுக்கு இதுவே பொருந்தும். ஏற்றுமதிக்கு மட்டும் இது செல்லாது. அங்கக உணவுப் பொருள்களின் உள்நாட்டு விற்பனைக்கு 2017-ஆம் ஆண்டின் விதிமுறைகள் உள்ளன. அவை துணிக்குப் பொருந்துவன அல்ல.

நெசவைப் பொறுத்தவரை 2006-இல் வந்த கைத்தறி முத்திரை போதுமானது. துணி கைத்தறியில் நெய்யப்பட்டது என்பதை அது உறுதிசெய்கிறது. பருத்தியைப் பற்றியோ சாயத்தைப் பற்றியோ அது எதுவும் கூறுவதில்லை. அதைப்போலவே அங்கக ஜவுளித் தரச் சான்று, வரையறைக்கு உட்பட்ட செயற்கைச் சாயங்களை அனுமதிக்கிறது. அங்ககச் சான்று பெற்ற நீலத் துணியில் தொழிற்சாலை நீலம் இருப்பது விதி மீறல் ஆகாது. வாங்குபவர் அவ்வாறு கருதுவதில்லை.

முடங்கும் பணம்

பஞ்சு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. தழை சில மாதங்களே வருகிறது. தறியோ ஆண்டு முழுவதும் ஓடவேண்டும். பொதுவான நூலை நெய்யும் சங்கம், தேவைக்கேற்ப மாதந்தோறும் நூல் வாங்கிக்கொள்ளலாம். உள்ளூர்ப் பஞ்சையும் அவுரி நீலத்தையும் நம்பிய சங்கத்துக்கு அந்த வசதி இல்லை. அறுவடையின்போது வாங்காவிட்டால் பஞ்சு பொதுச் சந்தைக்குப் போய்க் கலந்துவிடும். பிறகு அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. ஆகவே ஓராண்டுக்கான பஞ்சையும் நீலத்தையும் ஒருசேர வாங்கிக் கிடங்கில் வைக்கவேண்டும். 200 கிராம் நூல் செல்லும் துணியில் பத்தாயிரம் மீட்டர் நெய்ய ஏறத்தாழ ஏழு டன் விதைப்பருத்தி தேவை. முன்கூறிய விலையில் 20 சதவீதம் சேர்த்தால் அதன் கொள்முதலுக்கு மட்டும் ஆறரை லட்சம் ரூபாய் வேண்டும். அரைவை, நூற்பு, நீலம், கூலி ஆகியவை அதற்கு மேல்.

தனிப்பட்ட நெசவாளருக்கு ஆறு சதவீத வட்டியில் கடன் கிடைக்கச் செய்யும் முத்ரா திட்டம் இருக்கிறது. ஒரு தறிக்கு அது போதும். ஒரு பருவத்தின் விளைச்சலை வாங்குவதற்கு அது போதாது. கிடங்கில் உள்ள பஞ்சை ஈடாகக் கொண்டு, துணி விற்கும் காலத்தை ஒட்டித் தவணை வகுத்துக் கடன் தரும் ஏற்பாடு மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளுக்குப் புதிதன்று. நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் அவை செய்துவருவதே. அதைப் பருத்திக்கும் நீலத்துக்கும் விரிவாக்க, பொருளின் தரத்தை மதிப்பிடும் அலுவலர் ஒருவரும் பூட்டிய கிடங்கு ஒன்றும் போதும். அவ்வசதி இல்லாத இடங்களில் சங்கத்தின் செயலர் தனியாரிடம் கூடுதல் வட்டிக்கு வாங்குகிறார். அல்லது உழவரிடம் பஞ்சைக் கடனாகப் பெற்று, துணி விற்றபின் தருவதாகக் கூறுகிறார். கட்ச் நிலத்தில் கோடை தொடங்கும் வேளையில் பஞ்சைக் கொடுத்த உழவர் மழைக்கு முன் விதைக்கும் உழவுக்கும் பணம் எதிர்பார்க்கிறார். அந்தப் பஞ்சு நூலாகி, பலமுறை தாழியில் மூழ்கி எழுந்து, துணியாகி, நகரத்து அங்காடியில் விற்று, அங்காடி தனது கணக்கைத் தீர்த்துப் பணம் அனுப்புவதற்குள், அவரது வயலில் அடுத்த பருவத்துக் காய்கள் முற்றத் தொடங்கிவிடுகின்றன.